ஊசிக்கு முன்பு ஒரு மணி நேரம்

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிச் சபைகளிலிருந்து மத்தியான வெயிலையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூடுகையில் வார்டுகளில் நடக்கும் ஊழியத்தைப் பற்றிப் பேசுவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முப்பது வருஷமாக ஜெபித்தவன் நான். இந்த முறை அதே கட்டிலில் படுத்து எழுந்தவனாகப் பேச வந்திருக்கிறேன். இதில் என் தவறு ஒன்றையும் அறிக்கையிட வேண்டியிருக்கிறது. பொறுமையாய்க் கேட்கும்படி வேண்டுகிறேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், சிற்றாலயத்தில் தண்ணீர் ஒழுகிய இடத்திலிருந்து ஒரு பெஞ்சை நகர்த்தக் குனிந்தேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்தேன். சரியாகவில்லை. வலி இடுப்பிலிருந்து இறங்கி, தொடையின் வெளிப்பக்கமாய் ஓடி, கெண்டைக்காலைக் கடந்து, கால் பெருவிரல் வரைக்கும் போயிற்று. சில வேளை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். சில வேளை சுடுமணலில் கால் வைத்ததுபோல் எரியும். இருமினால் வலி, தும்மினால் வலி. நின்றால் ஓரளவு தாங்கலாம்; உட்கார்ந்தால் முடியாது. தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் காலியாய் இருக்க, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே எழும்பூர் வரை போயிருக்கிறேன். "ஐயா, இங்க வந்து உட்காருங்க" என்று பிள்ளைகள் எழுந்து இடம் கொடுப்பார்கள். அவர்களிடம் என்னவென்று சொல்வது!

எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். நம் ஜனங்கள் "ஜவ்வு விலகிவிட்டது" என்று சொல்கிறார்களே, அதுதான். முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டு ஒன்று பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்தியிருந்தது. அழுத்தம் மட்டுமல்ல, அந்த இடத்தில் அழற்சியும் உண்டாகி நரம்பு வீங்கியிருந்தது. சயாட்டிகா என்று பெயர் சொன்னார்கள்.

இது புதிய வியாதியல்ல. ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபு இராமுழுவதும் போராடினான். அவன் தொடைச்சந்து சுளுக்கிற்று. பொழுது விடிந்தபோது நொண்டி நொண்டி நடந்தான். அந்தத் தொடை நரம்பை இஸ்ரவேல் புத்திரர் புசிப்பதில்லை என்று அந்த அதிகாரம் முடிகிறது. இறையியல் கல்லூரியில் எபிரேய மொழி படித்தபோது அந்த நரம்பின் பெயரை மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்தப் பெரிய நரம்புதான் அது என்பது யூதருடைய பாரம்பரியம். பரீட்சைக்காகப் படித்த சொல், நாற்பது வருஷம் கழித்து என் காலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த வலி வருகிறவர்களில் அநேகருக்கு ஓரிரு மாதங்களில், அறுவை சிகிச்சை இல்லாமலே, குறைந்துவிடுகிறது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். மாத்திரை சாப்பிட்டேன். பிசியோதெரபிக்குப் போனேன். மூன்று மாதம் ஆயிற்று, நான்கு மாதம் ஆயிற்று. எனக்குக் குறையவில்லை. அப்போதுதான் அவர், "முதுகில் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம், ஐயா" என்றார். நரம்பு வேரின் அருகில் ஸ்டீராய்டு மருந்தையும் மரத்துப்போகும் மருந்தையும் சேர்த்துச் செலுத்துவது.

"ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன், டாக்டர்" என்றேன். அது பொய். உண்மையில் பயந்துவிட்டேன். ஆறு வாரம் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தபசு காலம் என்றேன். ஈஸ்டர் முடியட்டும் என்றேன்.

என் பயத்துக்கு எண்ணெய் வார்த்தவர்களும் உண்டு. "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்றார் ஒருவர். "பிரசவத்துக்கு முதுகில் போட்ட ஊசியிலிருந்து எனக்கு இருபது வருஷமா இடுப்புவலி" என்றார் ஒரு தாயார். ஒரு விசுவாச சகோதரர், "ஊழியக்காரர் நீங்களே ஊசியை நம்பினால், எங்களைப் போன்றவர்கள் யாரை நம்புவது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஊசியைவிட ஆழமாய்க் குத்தியது.

அவருக்குச் சொல்லும் பதிலை இங்கே எல்லாருக்குமாகச் சொல்லுகிறேன். எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற மருத்துவர் 1847ஆம் ஆண்டில் பிரசவ வேதனையைக் குறைக்க குளோரோபாரம் கொடுத்தார். வேதத்துக்கு விரோதம் என்ற ஆட்சேபத்துக்கு அவர் வேதத்திலிருந்தே பதில் எழுதினார். ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் தேவன் அவனுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினார் அல்லவா என்று காட்டினார். நோவை நீக்குவது தேவனுக்கு விரோதமான காரியமாயிருந்தால், நம் முன்னோர்கள் இந்த நாட்டில் ஒரு மருத்துவமனையையும் கட்டியிருக்க வேண்டாம்.

ஆனால் வலியே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. நம் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். விரல்கள் தேய்ந்து போவதற்குக் காரணம், வலி தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்வதும் காயப்படுத்திக்கொள்வதுமே என்று கண்டு உலகத்துக்குச் சொன்னவர் அவர். வலி ஓர் ஈவு என்று போதித்தவர். அவர் சொன்னது உண்மை. ஆனாலும் ரயில் வருகிறது என்று எச்சரிக்க அடிக்கிற கேட் மணி, ரயில் போன பின்பும் இராப்பகலாய் நாலு மாதம் அடித்துக்கொண்டே இருந்தால், அதற்கு எச்சரிக்கை என்று பெயரா? மணியில் பழுது என்றல்லவா ஆளைக் கூப்பிடுவோம்! நாட்பட்ட நரம்பு வலி அப்படிப்பட்டது. அதைத் தணிப்பது தேவன் தந்த ஈவை உதறுவதாகாது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். இதை வைத்துப் பிரசங்கமே பண்ணியிருக்கிறேன். ஆனாலும் பயம் போகவில்லை. இங்கேதான் என் அறிக்கை வருகிறது.

சில வருஷங்களுக்கு முன்பு, மெப்ஸ் வளாகத்தில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி இதே ஊசிக்காக நம் மருத்துவமனைக்கு வந்திருந்தார். பச்சை அங்கி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போனவுடன் என்னைப் பார்த்து, "ஐயா, ஊசி எங்க போய் நிக்கும்? கால் விளங்காமப் போயிடுமா? எத்தனை நாளைக்கு வலி இருக்காது?" என்று மூன்று கேள்வி கேட்டார். நான், "பயப்படாதீங்கம்மா, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்தேன். "சரிங்க ஐயா" என்றார். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சிஸ்டர் அவரை அழைக்க வந்தபோது பெஞ்சில் அங்கியும் கேஸ் ஷீட்டும் மட்டுமே இருந்தன. அவர் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்ப வரவேயில்லை.

அன்று, "விசுவாசம் குறைவு" என்று மனதுக்குள் நினைத்தேன். என் முறை வந்தபோது, படுக்கையில் விழித்துக்கொண்டு நான் நினைத்ததெல்லாம் அந்தச் சகோதரி கேட்ட அதே மூன்று கேள்விகள்தான். அவருக்கு நான் ஜெபத்தைக் கொடுத்தேன், பதிலைக் கொடுக்கவில்லை. பதில் எனக்குத் தெரியாமல் இருந்ததை ஜெபத்தால் மூடினேன்.

ஓர் இரவு என் மனைவி சொன்னாள்: "ஏங்க, எனக்குச் சொல்ற மாதிரி உங்களுக்கும் சொல்லிக்குங்க. கேக்க வேண்டியதை எல்லாம் ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டுப் போங்க." ஞாயிறு ஆராதனை முறைமைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பதினொரு கேள்வி வந்தது.

வலி நிவாரணப் பிரிவின் மயக்க மருத்துவர் என் மகள் வயதுள்ளவர். தாளை வாங்கி வரிசையாய்ப் பதில் சொன்னார். உங்கள் வீடுகளிலும் இந்த வலிக்காரர்கள் இருப்பார்கள் என்பதால் முக்கியமானவற்றைச் சொல்லுகிறேன்.

ஊசி எங்கே போய் நிற்கும்? பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால்போல் நரம்புகள் தொங்குகின்றன. நரம்புகளைச் சுற்றி ஓர் உறை உண்டு. அந்த உறைக்கு வெளியே உள்ள இடத்தில்தான் மருந்தை வைக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்துகிறார்கள். முதலில் சாயத் திரவம் கொஞ்சம் விட்டு, சரியான இடத்தில் பரவுகிறதா என்று கண்டபின்பே மருந்து.

கால் விளங்காமல் போகுமா? "மிக அபூர்வமாகப் பெரிய ஆபத்துகள் நேர்ந்திருக்கின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன்" என்றார். 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் குறித்து எச்சரித்ததையும் மறைக்காமல் சொன்னார். உறையில் துளை விழுந்தால் சில நாள் கடுமையான தலைவலி வரலாம், கிருமி சேரலாம், இரத்தம் கட்டலாம் என்றும் சொன்னார். இவற்றைத் தவிர்க்கத்தான் படம் பார்த்துச் செய்வதும், கிருமி நீக்குவதும், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முன்கூட்டியே கேட்டறிவதும். அந்த மாத்திரைகளை நாமாக நிறுத்தக்கூடாது. இருதய மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும், ஆகையால் தினமும் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

எத்தனை நாளைக்கு வலி இருக்காது? இதற்குத்தான் அவர் கொஞ்சம் யோசித்தார். "ஐயா, இது பிதுங்கிய ஜவ்வை உள்ளே தள்ளாது. நரம்பின் வீக்கத்தைத் தணிக்கும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் கேட்கும். சிலருக்குக் கேட்பதேயில்லை. கேட்கிற நாட்களில் நீங்கள் நடந்து, பயிற்சி செய்து இடுப்பைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும். நான் உங்களுக்குச் சுகம் தருவதாகச் சொல்லவில்லை, கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகிறேன்" என்றார்.

இதைக் கேட்டவுடன் என் பயம் அடங்கிற்று. முற்றிலும் போகவில்லை, ஆனால் அளவு தெரிந்த பயமாயிற்று. அளவு தெரிந்த பயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெபிக்க முடிகிறது. "கர்த்தாவே, இன்னின்னது நேரலாம், என்னோடிரும்" என்று கேட்க முடிகிறது. தெரியாத பயத்தோடு ஜெபிக்கிறவனுக்கு வார்த்தையே வருவதில்லை.

இந்த ஊசிக்கு நீண்ட சரித்திரம் உண்டு என்பதையும் அவரே சொன்னார். 1901இல் பாரிஸில் சிக்கார் என்ற மருத்துவர், முதுகின் அடிப்பகுதி வழியாக மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி இதே தொடை நரம்பு வலியைத் தணித்தார். ஸ்டீராய்டு ஹார்மோன்களின் கண்டுபிடிப்புக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் அந்த மருந்தும் இந்த ஊசியில் சேர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக அநேகர் நடந்த வழி என்று தெரிந்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது.

குறித்த நாள் வந்தது. பச்சை அங்கியோடு, அதே பெஞ்சில் உட்கார முடியாமல் ஓரமாய் நின்றிருந்தேன். பக்கத்தில் பல்லாவரத்துச் சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவர். நெற்றியில் திருநீறு. நான் ஆயர் என்று அவருக்குத் தெரியாது. அங்கி போட்டால் எல்லாரும் ஒன்றுதானே. "உங்களுக்கும் முதுகுலதானா, பெரியவரே?" என்றார். ஆமாம் என்றேன். "ஊசி போட்டா கால் போயிடும்னு சொல்றாங்களே" என்றார். குரல் நடுங்கிற்று.

பயப்படாதீங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஆராதனைத் தாளை எடுத்தேன். தண்டுவடம் எங்கே முடிகிறது, மருந்து எங்கே நிற்கிறது, என்ன ஆபத்து, எத்தனை நாள் நிவாரணம் என்று டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்தமட்டும் சொன்னேன். சுகமாகிவிடும் என்று சொல்லவில்லை. அவர் கவனமாய்க் கேட்டார். "அப்ப கொஞ்ச நாள் மூட்டை தூக்காம இருக்கணும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு, "நீங்க சாமி கும்பிடறவர் மாதிரி இருக்கீங்க. எனக்கும் சேத்து வேண்டிக்குங்க" என்றார். இருவருக்குமாக ஜெபித்தேன். சிறிய ஜெபம். முப்பது வருஷத்தில் நான் ஏறெடுத்த ஜெபங்களில் அதை மறக்க மாட்டேன்.

உள்ளே குப்புறப் படுக்கச் சொன்னார்கள். வயிற்றின் கீழே தலையணை. முதுகில் மருந்து நீர் தடவியபோது ஐஸ்போல் குளிர்ந்தது. மரத்துப்போக முதலில் போட்ட சிறு ஊசி, எறும்பு கடித்ததுபோல் சுரீரென்றது. அதன்பின் குத்துவது தெரியவில்லை, அழுத்துவது மட்டும் தெரிந்தது. மருந்து போனபோது பழைய வலி அதே பாதையில் பெருவிரல் வரை ஓடிற்று. "தெரியுதா ஐயா? சரியான இடம்தான்" என்றார் டாக்டர். தலைமாட்டில் நின்ற சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ பேர் கையைப் பிடித்திருக்கிறேன். பிடிக்கப்பட்ட கைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றுதான் அறிந்தேன். எல்லாம் அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. கால் கனமாய் இருந்ததால் படுக்கையில் வைத்திருந்து, சாயங்காலம் ஆட்டோவில் அனுப்பினார்கள்.

அன்று இரவு வலி இல்லை. மறுநாள் முழு வலியும் திரும்பியது. முன்னமே சொல்லியிருந்தபடியால் கலங்கவில்லை. மரத்துப்போகும் மருந்து தீர்ந்தது, ஸ்டீராய்டு வேலைசெய்யச் சில நாள் ஆகும் என்று தெரியும். ஐந்தாம் நாள் காலையில் காபி குடிக்க நாற்காலியில் உட்கார்ந்தேன். குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

வலி பாதிக்குமேல் குறைந்தது. கேம்ப் ரோடு வரை நடக்கத் தொடங்கினேன், சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்தேன். நான்கு மாதம் கழித்துக் கொஞ்சம் திரும்பியது. ஆனால் பழைய உக்கிரம் இல்லை. இன்றைக்கும் நீண்ட ஆராதனையில் கொஞ்சம் நொண்டுவேன். யாக்கோபும் ஆசீர்வாதம் பெற்று நொண்டிக்கொண்டேதான் போனான்.

இப்போது ஊசிக்காகக் காத்திருக்கிறவர்களிடம் நான் முதலில் போய், "டாக்டரிடம் என்ன கேட்கணும்னு இருக்கீங்க?" என்று கேட்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கிறேன். பதில் கிடைத்த பின்பே ஜெபம். வீட்டுக்குப் போகிறவருக்கு ஒன்றைத் தவறாமல் சொல்லுகிறேன்: காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கால் பலவீனம், சிறுநீர் மலம் கட்டுப்பாடின்மை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். ஊசி போடாத இடுப்புவலிக்காரருக்கும் இந்தக் கடைசி மூன்றும் அபாய அறிகுறிகளே.

அன்பானவர்களே, இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. நம் செய்தி மடலில் பிறந்த குழந்தையின் படம் போடுகிறோம், கண் கட்டு அவிழ்த்த பாட்டியின் படம் போடுகிறோம். வலி போன மனுஷனின் படத்தை எப்படிப் போடுவது? முன்னும் பின்னும் ஒரே முகம். தையல் இயந்திரத்துக்கு முன் எட்டு மணி நேரம் உட்காருகிறவரும், மூட்டை தூக்குகிறவரும் பார்வைக்குத் திடகாத்திரமாய்த்தான் இருப்பார்கள். ஆகையால் இவர்களுக்கென்று ஒருவரும் காணிக்கை கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. ஊசியின் செலவு ஒருபுறம். அன்றைய கூலியும், துணைக்கு வருகிறவரின் கூலியும் மறுபுறம். "அவகாசத்துக்கு இவ்வளவு செலவா?" என்று நீங்கள் கேட்கலாம்.

நம் ஊரின் சரித்திரத்தைப் பாருங்கள். டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கியபோது அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். அதுவரை நல்ல காற்றும், ஓய்வும், ஆகாரமும் கொடுத்து, நோயாளிக்கு அவகாசம் வாங்கித் தந்தார்கள். இன்றைக்கும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். அவகாசம் கொடுப்பதும் வைத்தியம்தான் என்று தினமும் ஒலிபெருக்கியில் நம் காதில் விழுகிறது.

உங்கள் காணிக்கை ஒருவருக்கு நான்கு மாதம் வாங்கித் தரலாம். அந்த நான்கு மாதத்தில் அவர் உட்கார்ந்து தைக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம், இராத்திரி தூங்கலாம். அதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மிகைப்படுத்தி உங்களிடம் வாங்குவதும், மிகைப்படுத்தி நோயாளிக்குச் சொல்வதும் ஒரே பாவம் என்று கற்றுக்கொண்டேன்.

கடைசியாக, மெப்ஸில் தைத்த அந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள். அவர் பெயரை இங்கே சொல்லவில்லை, ஆண்டவருக்குத் தெரியும். உங்களில் யாருடைய தெருவிலாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு சகோதரியைக் கண்டால், முதுகு ஊசிக்குப் பயந்து வீட்டுக்குப் போனவரா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால், கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஆயர் இந்த முறை பதில் சொல்லக் காத்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்து நடத்துவாராக. ஆமென்.